இழப்பு எங்கே போகிறது?

மழைக்காலத்தில் மும்பையின் கிங்ஸ் சர்க்கிளைக் கடந்து செல்ல நேர்ந்தவர் எவரும் அங்கு நீர் தேங்கும் காட்சியைக் கண்டிருப்பர். காந்தி மார்க்கெட்டை அடுத்துள்ள தாழ்ந்த நிலப்பகுதியில், கனமழையும் கடலின் ஏற்றமும் ஒரே வேளையில் நேர்ந்துவிட்டால், சாலை சற்று நேரத்தில் குளமாகிவிடுகிறது. இந்நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் அளவுள்ள மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில், வெளியேற்றுவதற்கே அமைக்கப்பட்டவை. 1993-ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட வடிகால் சீரமைப்பு அறிக்கை இவ்வளவை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்தவும், கடலோரத்தில் பெரிய நீரேற்று நிலையங்களை நிறுவவும் பரிந்துரைத்தது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான பின்னரே அப்பரிந்துரையின் அருமை பலருக்கும் புலப்பட்டது.

அன்று முதல் பம்பு என்னும் யந்திரம் இந்நகர மக்களின் மழைக்காலப் பேச்சில் நிலையான இடம் பெற்றுவிட்டது. பெரிய நிலையங்கள் ஒருபுறமிருக்க, தாழ்ந்த இடங்கள்தோறும் ஜூன் மாதம் பிறக்குமுன் சிறிய பம்புகள் கொண்டுவந்து பொருத்தப்படுகின்றன. எந்த ஊராயினும் இத்தகைய பம்பைக் கவனித்துக்கொள்ளும் களப்பணியாளரின் பதிவேட்டில் வழக்கமாகக் காணப்படுபவை பம்பு ஓடிய நேரமும் செலவான டீசல் அல்லது மின்சாரமுமே. நீர் குறையவில்லை என்று புகார் வந்தால், 'பம்பின் திறன் குறைந்துவிட்டது' என்று எழுதி முடிப்பதே பெரும்பாலும் நிகழ்வது.

இவ்வாறு எழுதுவதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பயனும் ஒன்றுமில்லை. திறன் குறைந்தது என்பது நோயாளிக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பதை ஒக்கும். இக்குறை களப்பணியாளருடையது மட்டுமன்று. அவர் பயின்ற வகுப்பறையிலேயே அது தொடங்கிவிடுகிறது.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடை தூரத்தில், 1887-இல் நிறுவப்பட்டு 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம் மாறிய ஜீஜாபாய் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1933-இல் தோன்றிய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனமும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. இவை போன்ற உயர்ந்த நிலையங்கள் முதல் சிற்றூர்ப் பாலிடெக்னிக்கு வரை இந்நாட்டின் எல்லாத் தொழிற்கல்விக் கூடங்களிலும் மாணவர் செய்யும் பரிசோதனைகளுள் ஒன்று மையவிலகு பம்பின் சோதனை. உட்செல்லும் மின்சக்தியை அளக்க வேண்டும். வெளிவரும் நீரின் அளவையும் ஏற்ற உயரத்தையும் அளக்க வேண்டும். இரண்டையும் வகுத்தால் பயனுறு திறன் கிடைக்கும். 68 என்றோ 72 என்றோ ஒரு சதவிகிதம் வந்தவுடன் மாணவர் அதன்கீழ்க் கோடிட்டுப் பரிசோதனையை முடித்துக்கொள்கிறார். எஞ்சிய முப்பது பங்கு எங்கே போயிற்று என்று கேட்பார் மிகச் சிலர். கேட்டாலும், 'இழப்பு' என்னும் ஒற்றைச் சொல் விடையாகக் கிடைத்துவிடுகிறது.

இச்சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் எனலாம். நடைமுறைத் தமிழில் இழந்தது என்றால் கைவிட்டுப் போனது, மீளாதது என்று பொருள். பம்பில் அவ்வாறு எதுவும் காணாமற்போவதில்லை. சக்தி அழியாது என்று பள்ளியிலேயே படித்த மாணவர், அதே சக்தி பம்புக்குள் 'இழக்கப்படுகிறது' என்று கல்லூரியில் படிக்கும்போது முரண்பாட்டை உணராமலிருப்பது வியப்பே. உராய்வில் செலவான சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. அவ்வுஷ்ணத்தின் பெரும்பகுதி அங்கேயே, அந்தத் திரவத்திலேயே தங்குகிறது. தண்ணீர் இறைக்கும் பம்பில் இதைப் பொருட்படுத்தாமலிருந்தால் பெருந்தவறு நேராது. ராக்கெட்டுக்கு எரிபொருள் ஊட்டும் டர்போ பம்பிலோ இதைப் பொருட்படுத்தாதவரின் கணக்கு கணக்கே ஆகாது.

முதலில் தண்ணீர்ப் பம்பையே எடுத்துக்கொள்ளலாம். இம்பெல்லர் என்று தொழிலாளர் கூறும் சுழற்சக்கரம் இரும்பு உறைக்குள் சுழல்கிறது. அதன் உட்புறத் தகடுகள் நீரைத் தள்ளுகின்றன. அது பயனுள்ள வேலை. அதே வேளையில் சக்கரத்தின் முன், பின் முகங்களுக்கும் உறைக்கும் இடையேயுள்ள குறுகிய வெளியிலும் நீர் நிறைந்திருக்கிறது. சக்கரத்தை ஒட்டிய நீர் அதனோடு சுழல்கிறது. உறையை ஒட்டிய நீர் அசையாது நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நீர் சக்கரத்தின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தோடு சுற்றுகிறது. இவ்விழுபறிக்குத் தட்டு உராய்வு என்று பெயர். இதனால் ஒரு துளி நீரும் மேலே ஏறுவதில்லை.

இத்தட்டு உராய்வைக் கணக்கிடும் முயற்சிக்கு நூறாண்டு வரலாறு உண்டு. எல்லையற்ற திரவத்தில் சுழலும் தட்டுக்கான கணக்கை வான் கார்மன் 1921-இல் வெளியிட்டார். உறைக்குள் அடைபட்ட தட்டைப் பற்றி ஷூல்ட்ஸ் குரூனோ 1935-இல் ஆராய்ந்தார். 1960-இல் டெய்லி, நேஸ் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலாளர் பல்வேறு இடைவெளிகளிலும் வேகங்களிலும் தட்டுகளைச் சுழற்றிப் பார்த்து, ஓட்டம் நான்கு வகைப்படும் என்று காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் வகுத்தனர். இன்றளவும் பம்பு வடிவமைப்பாளர் தம் முதற்கணக்குக்கு எடுத்தாள்வது பெரும்பாலும் இச்சூத்திரங்களையே. கணிப்பொறியில் எழுதப்பட்ட நவீன நிரல்களுள் பலவற்றின் அடியில், எவரோ ஒருவர் தொட்டியில் தட்டைச் சுழற்றி அளந்த எண்ணே படிந்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லுதல் நன்று.

அச்சூத்திரத்தின்படி, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான தட்டு ஒன்று தண்ணீர் நிறைந்த உறைக்குள் நிமிடத்துக்கு 1,450 சுற்று சுழன்றால், ஏறத்தாழ அரைக் கிலோவாட்டு சக்தி உராய்விலேயே செலவாகும். வேகத்தை இரட்டித்தால் செலவு இரட்டிப்பதில்லை, ஏழு மடங்காகிறது. வேகம் மாறாமல் விட்டத்தையும் இடைவெளியையும் இரட்டித்தால் ஏறத்தாழ 24 மடங்காகிறது. ஆகவே, ஒரே உயரத்துக்கு ஏற்றவேண்டுமானால் பெரிய சக்கரத்தை மெல்லச் சுழற்றுவதைவிடச் சிறிய சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவதே தட்டு உராய்வைக் குறைக்கும் வழி. வேகம் என்றாலே உராய்வு மிகும் என்று எண்ணிப் பழகிய மாணவருக்கு இது சற்றே வியப்பளிக்கும். ராக்கெட்டுப் பம்புகள் ஏன் உள்ளங்கை அகலச் சக்கரங்களோடு பேய்வேகத்தில் சுழல்கின்றன என்பதற்கு எடைக் குறைவோடு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்ப் பம்பில் அந்த உஷ்ணம் என்ன செய்கிறது? 70 சதவிகிதத் திறனுள்ள பம்பு நீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது என்று கொண்டால், எஞ்சிய 30 பங்கும் அந்நீரைச் சூடாக்கினால்கூட, நீரின் வெப்பநிலை ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கே உயரும். கிங்ஸ் சர்க்கிளின் வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பும் பம்பைப் பொறுத்தவரை இது ஒன்றுமே அன்று. உராய்வின் விலையை அங்கு மின்சாரக் கட்டணமாகவோ டீசல் கணக்காகவோ கொடுத்து முடித்துவிடலாம். இவ்விலை அற்பமானது என்பதாலேயே, உஷ்ணம் என்னும் விடை பாடநூலிலிருந்து மெல்ல மெல்ல நழுவிப்போயிற்று.

இதே கணக்கை ராக்கெட்டுக்குக் கொண்டுசெல்லும்போதுதான் நிலைமை மாறுகிறது. கிங்ஸ் சர்க்கிளுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன உறவு என்று வினவுவோர், அங்கிருந்து வடகிழக்கே சில மைல் தொலைவிலுள்ள விக்ரோலியை நினைவுகூரலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விகாஸ் எஞ்சின்களும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் அங்குள்ள கோத்ரெஜ் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டு வருகின்றன. அவை அனல் மூட்டிச் சோதிக்கப்படுவதோ தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள மகேந்திரகிரியில். தாராவித் தமிழ்க் குடும்பங்களுள் பல திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. மனிதர்கள் தெற்கிலிருந்து வந்த வழியே யந்திரங்கள் தெற்கே போகின்றன.

கிரையோஜெனிக் எஞ்சினில் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அதை எரிப்பது திரவ ஆக்ஸிஜன். ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் கொதிக்கும் நிலை தனிப்பூஜ்யத்துக்கு மேல் 20 பாகை, அதாவது பனிக்கட்டியின் நிலைக்கு 253 பாகை கீழே. தொட்டியின் எடை குறையவேண்டும் என்பதால், தொட்டிக்குள் அழுத்தம் மிகக் குறைவாகவே வைக்கப்படும். எரியறைக்குள்ளோ அழுத்தம் மிக அதிகம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, குறைந்த அழுத்தத் திரவத்தை வாங்கி உயர்ந்த அழுத்தத்தில் தள்ளுவதே டர்போ பம்பின் வேலை. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கிரையோஜெனிக் மேல்நிலையில் முதன்மை டர்போ பம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 40,000 சுற்று சுழல்கிறது. அதற்குமுன், தொட்டியிலிருந்து வரும் திரவத்தின் அழுத்தத்தைச் சற்றே உயர்த்திக் கொடுக்க, ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் தனித்தனியே துணைப்பம்புகள் உண்டு.

இனி உஷ்ணத்தின் கணக்கு. ஹைட்ரஜன் மிக இலேசான திரவம். ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 71 கிராமே. ஆதலால் அதன் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கு உயர்த்த, ஒவ்வொரு கிலோவுக்கும் செலுத்தவேண்டிய சக்தி தண்ணீருக்கு ஆவதைப்போல் பதினான்கு மடங்கு. திறன் 60 சதவிகிதம் என்று கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், உராய்வு முதலியவற்றால் மட்டும் ஹைட்ரஜனின் வெப்பநிலை ஏறத்தாழப் பத்துப் பாகை உயரும். இருபது பாகையில் கொதிக்கும் ஒரு பொருளுக்குப் பத்துப் பாகை என்பது எத்தகைய மாறுதல் என்பதை எண்ணிப் பார்க்கலாம். திரவம் விரிகிறது, அடர்த்தி குறைகிறது, நுழைவாயிலில் இருந்த திரவத்துக்கு எழுதிய சூத்திரம் வெளிவாயிலில் இருக்கும் திரவத்துக்குப் பொருந்தாமற் போகிறது. தண்ணீர்ப் பம்பின் கணக்கில் உஷ்ணம் கடைசி வரி. இங்கே அது முதல் வரியிலேயே புகுந்து, ஏனைய வரிகளையெல்லாம் மாற்றி எழுதுகிறது.

அதிலும் எல்லா உஷ்ணமும் ஒரே இடத்தில் பரவுவதில்லை. சக்கரத்தின் முகங்களுக்கும் உறைக்கும் இடையேயுள்ள வெளியில், கசிவாக வரும் சிறிதளவு திரவமே தட்டு உராய்வின் உஷ்ணம் முழுவதையும் ஏற்கிறது. உதாரணத்துக்கு, 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான தட்டு ஒன்று திரவ ஹைட்ரஜனில் நிமிடத்துக்கு 40,000 சுற்று சுழன்றால், மேற்சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி ஏறத்தாழ 4 கிலோவாட்டு உஷ்ணம் பிறக்கும். வினாடிக்கு 9 கிராம் ஹைட்ரஜனை ஆவியாக்க இது போதும். அவ்விடத்தில் அழுத்தம் மிகுதி என்பதால் அங்கேயே கொதிப்பு நிகழாமலிருக்கலாம். ஆனால் சூடேறிய அக்கசிவு இடுக்குகளின் வழியே நுழைவாயிலுக்குத் திரும்பும்போது அழுத்தம் சடுதியில் குறைகிறது. அடக்கி வைத்திருந்த உஷ்ணம் அங்கே குமிழிகளாக வெளிப்படக்கூடும். எனவே, 'தட்டு உராய்வு இழப்பு 2 சதவிகிதம்' என்று எழுதி முடித்த மாதிரிக்கும், அவ்விரண்டு சதவிகிதம் எந்த இடுக்கில் பிறந்து எவ்வழியே சென்று எங்கே சேர்கிறது என்று எழுதிய மாதிரிக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் உள்ளதன்று.

பம்பின் உராய்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறுகிறது. சி.இ.20 எஞ்சினில் டர்பைனைச் சுழற்றிய வாயு தனியே வெளியேற்றப்படுகிறது. ஆதலால் பம்பின் உராய்வு மிகுந்தால், உந்துதலுக்கு உதவாத எரிபொருள் அதற்கேற்ப மிகும். முந்திய சி.இ.7.5 எஞ்சினிலோ அவ்வாயு எரியறைக்கே சென்று மீண்டும் எரிகிறது. அங்கே உராய்வின் விலை எரிபொருளாக வெளிப்படாமல், டர்பைனுக்குமுன் கூடுதலான அழுத்தமாக உருவெடுக்கிறது. ஒரே சதவிகிதம், இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு வெவ்வேறு தொல்லைகள்.

கசிவைக் குறைக்கவேண்டுமாயின் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் உள்ள இடுக்கைச் சுருக்கவேண்டும். சுருக்கினால் திறன் உயரும்; ஏட்டில் உயர்ந்த எண் கிடைக்கும். ஆனால் இடுக்குகள் அறை வெப்பத்தில் அளக்கப்பட்ட அளவிலேயே இருப்பதில்லை. அறை வெப்பத்திலிருந்து ஹைட்ரஜனின் குளிருக்கு இறங்கும்போது அலுமினியம் ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு சுருங்குகிறது. துருப்பிடியா எஃகு ஏறத்தாழ மூன்று பங்கே சுருங்குகிறது. பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கசிவைத் தடுக்கும் இடுக்குகளின் அளவும் கிட்டத்தட்ட இவ்வளவே. திரவ உராய்வைப் பற்றிய மாதிரி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதற்குக் கொடுக்கப்பட்ட இடுக்கின் அளவு தவறாயின், திரவ உராய்வு போய் உலோக உராய்வு வந்துவிடும்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க இயலாது. இந்நாட்டிலேயே உருவான கிரையோஜெனிக் நிலையைச் சுமந்து ஜி.எஸ்.எல்.வி. டி-3 அன்றுதான் முதன்முதலாகப் புறப்பட்டது. ஆய்வுக்குப்பின் விண்வெளி நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஹைட்ரஜன் துணைப்பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று என்னும் உச்ச வேகத்தை எட்டியது; கிரையோஜெனிக் நிலை இயங்கத் தொடங்கிய பின்னும் ஓடியது; 0.9 வினாடி சென்றபின் வேகம் தளர்ந்தது; அடுத்த 0.6 வினாடிக்குள் நின்றே போயிற்று. ஹைட்ரஜன் வராமல் எஞ்சின் அணைந்தது. ஜிசாட்-4 செயற்கைக்கோள் கடலில் வீழ்ந்தது. கசிவுத் தடை ஒன்று இறுகிச் சுழலியைப் பற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது மிகுந்த அழுத்தமும் வெப்பத் தகைவும் டர்பைனின் உறையைப் பிளந்திருக்கலாம் என்று இரு காரணங்களை அவ்வறிக்கை கூறியது. இவ்விரண்டுள் எதுவாயினும், திறனைக் குறிக்கும் ஒற்றை எண்ணில் அது தென்பட்டிராது. ஓர் இடுக்கின் நிலையையும் ஓர் உறையின் வெப்பநிலையையும் தனித்தனியே கேட்டவர்க்கே அது தென்படும்.

பின்னர் நடந்தது பாராட்டுக்குரியது. குளிரில் பேரிங்குகளும் உறையும் விரிந்து சுருங்குவதை மனத்தில் கொண்டு துணைப்பம்பின் வடிவம் மாற்றப்பட்டது. பற்றவைக்கும் முறை திருத்தப்பட்டது. தரையில் பல சோதனைகள் நடந்தன. 2014-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் டி-5 வெற்றி பெற்றது. இடையில் கழிந்தவை நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. ஒன்றரை வினாடியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சிக்கு விடை காண நான்காண்டு ஆயிற்று என்று அலுத்துக்கொள்வோர், அந்த விடை இந்நாட்டில் வேறு எந்த நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

கணிப்பொறிகள் பெருகியுள்ள இக்காலத்தில், சோதனைமேடைகளுக்குப் பணம் செலவிடுவது வீண் என்னும் கருத்து கல்விக்கூடங்களில் பரவி வருகிறது. திரவ ஓட்டத்தைத் திரையில் வண்ணங்களாகக் காட்டும் நிரல் ஒன்று கிடைத்துவிட்டால், துருப்பிடித்த பம்பும் வழிந்தோடும் தொட்டியும் எதற்கு என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை முழுவதும் தள்ளிவிடுவதற்கில்லை. மாதிரி என்பது எதை அளக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறது. நூறு வடிவங்களுள் தொண்ணூற்றைந்தைச் செய்து பார்க்காமலே விலக்க உதவுகிறது. மாதிரி இல்லாத அளவீடு வெறும் எண்களின் குவியல். ஆயினும், உராய்வுக் குணகங்கள் கொந்தளிப்பான ஓட்டத்தில் முதல் தத்துவங்களிலிருந்து நேரே பிறப்பவையல்ல. வார்ப்பின் சொரசொரப்பு, கசிவு உள்ளே புகும்போது அதற்குள்ள சுழற்சி, குளிரில் இடுக்கின் உண்மையான அளவு ஆகிய மூன்றையும் எவரேனும் அளந்து கொடுத்தாலன்றி அந்நிரல் அவற்றை அறியாது. அளந்து கொடுக்காத இடத்தில் அது மௌனமாயிருப்பதும் இல்லை. ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நான்கு தசம இடம் வரை விடை தருகிறது. அதுதான் அபாயம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் மகேந்திரகிரியில் நடந்த சோதனை இதற்கு நல்ல உதாரணம். மண்ணெண்ணெய் வகை எரிபொருளும் திரவ ஆக்ஸிஜனும் கொண்டு இயங்கும் புதிய செமிகிரையோஜெனிக் எஞ்சினின் டர்போ பம்புகள் முதலிய பகுதிகளை மட்டும் எரியறையின்றி இயக்கிப் பார்த்த முதல் சோதனை அது. நாலரை வினாடி நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. 1.9 வினாடி வரை எல்லாம் முன்கணித்தபடியே நடந்தது. இரண்டாம் வினாடியில் டர்பைனின் அழுத்தம் எதிர்பாராமல் உயர்ந்தது, பின் அதன் வேகம் குறைந்தது, சோதனை நிறுத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் அதே வகைச் சோதனை இரண்டரை வினாடி வெற்றியாக நடந்தேறியது. 1.9 வினாடி வரை முன்கணிப்பு பொருந்தியது மாதிரியின் பெருமை. அதற்கடுத்த கணத்தில் என்ன நேரும் என்பதைச் சொன்னது சோதனைமேடை. மாதிரியை நம்பி மேடையை விட்டிருந்தால், அந்த இரண்டாம் வினாடி விண்ணில் வந்திருக்கும்.

மகேந்திரகிரியைப் போன்ற மேடை எல்லாப் பள்ளிக்கும் கிட்டுவதில்லை, கிட்டவேண்டுவதும் இல்லை. இழப்பு எங்கே போகிறது என்னும் கேள்வியைக் கேட்கச் சாதாரணத் தண்ணீர்ப் பம்பும் ஒரு வெப்பமானியும் போதும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிவால்வை முற்றிலும் மூடிவிட்டால், நீர் ஒரு துளியும் ஏறுவதில்லை. ஆயினும் மோட்டார் கணிசமான சக்தியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. உறைக்குள் ஐந்து லிட்டர் நீர் இருந்து, இரண்டு கிலோவாட்டு உள்ளே சென்றால், ஒரு நிமிடத்தில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை உயரும். மாணவரே உறையைத் தொட்டுப் பார்த்து அறியலாம். மூடிய வால்வோடு பம்பை மறந்துவிட்டுச் சென்ற அனுபவமுள்ள களப்பணியாளருக்கு இது புதிய செய்தி அன்று; ஆனால் அந்தச் சூடும் பரிசோதனை ஏட்டிலுள்ள 'இழப்பு' என்னும் சொல்லும் ஒன்றே என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உறையில் தோன்றும் இவ்வுஷ்ணத்தில் தட்டு உராய்வோடு, தகடுகளுக்கிடையே நீர் சுழன்று திரும்புவதால் வருவதும் கலந்திருக்கும். அதைப் பிரித்தறிய விரும்பும் ஆசிரியர், தகடுகளற்ற வழவழப்பான தட்டு ஒன்றை மூடிய சிறு தொட்டியில் மூன்று வேகங்களில் சுழற்றி, வாட்டுமீட்டரில் சக்தியைக் குறித்துக்கொள்ளச் செய்யலாம். தண்ணீர் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, பேரிங்கின் பங்கைக் கழித்துவிட வேண்டும். வேகம் இரட்டித்தபோது சக்தி ஏழு மடங்குக்கு அருகில் வந்தால் பரிசோதனை சரி; நாலு மடங்கே வந்தால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது, அல்லது கழித்தல் தவறு. எது தவறென்று தேடும் அந்த அரைமணியில் மாணவர் கற்பதைப் பாடநூலின் ஒரு முழு அத்தியாயமும் தராது.

களத்திலும் இதே முறை செல்லும். கிங்ஸ் சர்க்கிள் போன்ற இடத்தில் வெள்ளநீரோடு மணலும் குப்பையும் வருகின்றன. பம்பு நீரைக் குறைவாகத் தள்ளுவதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். மணல் அரித்து இடுக்குகள் அகன்றிருந்தால், உள்ளே சென்ற நீரில் ஒரு பகுதி கசிவாகத் திரும்பி வீணே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது நீர் குறையும், மின்சாரம் அவ்வளவாகக் குறையாது. உறிஞ்சுவாயில் குப்பை அடைத்திருந்தால் பம்பிலிருந்து கூழாங்கல் உருளுவது போன்ற ஓசை எழும். அது குமிழிகள் தோன்றி உடையும் ஓசை. கசிவை நிறுத்தவேண்டும் என்னும் ஆர்வத்தில் எவரேனும் கிளாண்டை மிகவும் முறுக்கியிருந்தால், சொட்டுவது நின்றிருக்கும், மின்சாரம் கூடியிருக்கும், கிளாண்டின்மீது கை வைக்க முடியாது. மூன்றும் பதிவேட்டில் ஒரே வரியாக, 'திறன் குறைவு' என்றே ஏறுகின்றன. மூன்றுக்கும் பரிகாரம் வேறு. ஒன்றுக்குரிய பரிகாரத்தை மற்றொன்றுக்குச் செய்தால் பம்பு கெடும்.

ஆகவே பதிவேட்டில் ஓடிய நேரத்துக்கும் எரிபொருளுக்கும் அருகே இன்னும் சில கட்டங்கள் வரையப்பட வேண்டும்: மின்னோட்டம் எத்தனை ஆம்பியர், வெளிவாயில் அழுத்தம் எவ்வளவு, கிளாண்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, உறை கைக்குச் சூடாக இருக்கிறதா என்பவை. இதற்குப் புதிய கருவி பெரும்பாலும் வேண்டியதில்லை. அழுத்தமானியின் கண்ணாடியைத் துடைத்து வைத்தால் போதும். மழை தொடங்குமுன், பம்பு புதிதாகப் பொருத்தப்பட்ட நாளிலேயே இவ்வெண்களை ஒருமுறை குறித்துவைக்க வேண்டும். ஜூலை மாதத்து எண்ணை ஒப்பிட ஜூன் மாதத்து எண் இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. மூடிய வால்வுப் பரிசோதனையை மட்டும் இரண்டு நிமிடத்துக்குமேல் நீட்டிக்கக் கூடாது. அதைச் செய்யும் மாணவர் பக்கத்தில் ஆசிரியர் ஒருவர் வால்வின்மீது கை வைத்தபடியே நிற்க வேண்டும்.